தடைக்காலத்தில் தொடங்கும் நோட்டு: நேரடி விற்பனைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரிக் கணக்கு வழிகாட்டி

ஏப்ரல் 15 வந்துவிட்டால் மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகள் கரையோடு கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு புரளாத அந்த இரண்டு மாதத்தில்தான், "அக்கா, அந்தக் கம்பெனியில நானும் ஒரு ஐடி போடட்டுமா?" என்று என்னிடம் கேட்டு வருகிறவர்கள் அதிகம். ஐடி என்றால் நேரடி விற்பனைக் கம்பெனியில் விற்பனையாளராகச் சேர்ந்து வாங்கும் எண். சோப்பு, சத்துமாவு, பாத்திரம் கழுவும் திரவம் என்று நாலு வீட்டில் விற்றால் வீட்டுச் செலவுக்கு ஆகும் என்ற நினைப்பு. நினைப்பில் தப்பில்லை. எப்படி விற்பது, எப்படி ஆள் சேர்ப்பது என்பதற்கெல்லாம் கல்யாண மண்டபம் பிடித்து மீட்டிங் போட்டுச் சொல்லித்தருவார்கள். கணக்கை எப்படி எழுதுவது என்று மட்டும் ஒரு லீடரும் வாய் திறப்பதில்லை. நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு வசதி என்னவென்றால், வரிக்கான ஆண்டும் ஏப்ரல் 1-இல்தான் தொடங்குகிறது. அதனால் தடைக்காலத்தில் சேர்கிறவர்கள் ஆண்டின் தொடக்கத்திலேயே நோட்டைத் திறந்துவிடலாம். கீழே வரும் தொகைகள் 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான ஆண்டுக்கு உரியவை. பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம்தான் நடைமுறை. அதில் எண்கள் வேறு. நோட்டு எழுதுகிற வேலை அப்படியேதான் இருக்கும்.

ஐடி போடும் முன்

நேரடி விற்பனைக்கென்று மத்திய அரசு 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆள் சேர்ப்பதற்கே காசு தரும் பிரமிடு திட்டம் கூடாது. உங்களோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். நீங்களும் அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போய் விற்கக் கூடாது. "முதலில் இவ்வளவு கட்டு, அப்புறம் ஆளைக் கூட்டி வா" என்று சொல்லும் இடமாக இருந்தால் இந்தக் கட்டுரையை மேலே படிக்க வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தின் நகல்தான் உங்கள் ஃபைலில் போட வேண்டிய முதல் தாள். அடுத்தது பான் கார்டு. பான் எண்ணை ஆதாரோடு இணைக்காமல் விட்டால் அது செயல்படாத பான் ஆகிவிடும். கமிஷனில் வரியாக 2 சதவீதம் பிடிக்க வேண்டிய இடத்தில் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள். மூன்றாவது, தனியாக ஒரு வங்கிக் கணக்கு. நடப்புக் கணக்கு வேண்டும் என்பதில்லை, சேமிப்புக் கணக்கே போதும். நூறு நாள் வேலைச் சம்பளம், குழுக் கடன், சவூதியிலிருந்து தம்பி அனுப்பும் பணம் எல்லாம் விழுகிற கணக்கிலேயே கமிஷனும் விழுந்தால், மார்ச் மாதம் அதைப் பிரிப்பதற்குள் கண் பூத்துப்போகும்.

ஐடி யார் பெயரில், கமிஷன் யார் கணக்கில், பான் யாருடையது என்ற மூன்றும் ஒரே ஆளாக இருக்கட்டும். மனைவி பெயரில் ஐடி, கணவன் கணக்கில் பணம் என்று வைத்துக்கொண்டு பின்னால் விளக்கம் சொல்லித் திணறியவர்களை இந்தக் கரையிலேயே பார்த்திருக்கிறேன்.

பணம் இரண்டு வழியில் வருகிறது

நீங்கள் அந்தக் கம்பெனியின் ஊழியர் இல்லை. சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக் கழிவு உங்களுக்குக் கிடையாது. உங்கள் வருமானம் தொழில் வருமானம். அது இரண்டு வழியில் வருகிறது.

ஒன்று, பொருளைக் கம்பெனி விலைக்கு வாங்கிச் சில்லறை விலைக்கு விற்பதில் நிற்கும் லாபம். மற்றொன்று, உங்கள் பாயிண்ட்டுக்கும் (நீங்கள் வாங்கும் சரக்குக்குக் கம்பெனி போடும் மதிப்பெண்) டவுன்லைன் (உங்களுக்குக் கீழே சேர்ந்தவர்கள்) விற்பனைக்கும் கம்பெனி போடும் கமிஷன். நோட்டில் இந்த இரண்டையும் ஒருநாளும் ஒன்றாக எழுதாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் கீழே தெரியும்.

கமிஷனில் 194எச் பிரிவின்படி கம்பெனி டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழிக்கும் வரி) பிடிக்கும். ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம். முன்பு 5 சதவீதமாக இருந்தது, 2024 அக்டோபரில் குறைத்தார்கள். பெரியபட்டினத்தில் ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "ஏம்மா, அதான் கம்பெனியே வரியைப் பிடிச்சிருச்சே, அப்புறம் எதுக்கு நோட்டும் கையுமா அலையுறே?" நிறையப் பேர் மனதில் இருப்பது இதுதான். டி.டி.எஸ். என்பது முன்பணம் மாதிரி. உங்கள் பெயரில் அரசிடம் போய் உட்கார்ந்திருக்கிறது. ரிட்டர்ன், அதாவது ஆண்டு வருமானக் கணக்கை வருமான வரித் துறைக்குப் போட்டால்தான் அது வரியில் கழியும், அல்லது வரியே இல்லையென்றால் திரும்பி வரும். போடாவிட்டால் அங்கேயே கிடக்கும்.

இன்னொரு குழி இருக்கிறது. 10,000 ரூபாய் கமிஷன் என்றால், டி.டி.எஸ். போக, நிர்வாகக் கட்டணம் என்று ஒன்று போக, போன மாதப் பொருளுக்கான பாக்கியும் போக, வங்கியில் 7,000 விழும். வருமானமாகக் காட்ட வேண்டியது 10,000-ஐ. நிர்வாகக் கட்டணத்தைச் செலவில் எழுதிக்கொள்ளலாம், பொருள் பாக்கி கொள்முதலில் வரும், டி.டி.எஸ். வரிக் கணக்கில் வரும். வங்கிப் புத்தகத்தைப் பார்த்து வருமானம் எழுதினால் வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் பதிவான வரவுகளைக் காட்டும் ஏ.ஐ.எஸ். அறிக்கையோடு பொருந்தாது, நோட்டீஸ் வரும். ஒவ்வொரு மாதமும் கம்பெனியின் பேஅவுட் அறிக்கையை (கமிஷன் எவ்வளவு, பிடித்தது எவ்வளவு என்ற விவரம்) இறக்கி வைத்துக்கொள்வது இதற்குத்தான். சில கம்பெனிகளின் செயலியில் பழைய மாதங்கள் கொஞ்ச நாளில் மறைந்துவிடும்.

டார்கெட் அடித்ததற்குக் கொடுத்த குக்கர், மொபைல், கோவா பயணம் இவையும் வருமானம்தான். ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்பு போனால் 194ஆர் பிரிவில் 10 சதவீதம் பிடித்து உங்கள் பான் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். "பரிசுதானே" என்று விட்டவர்களுக்கு ஏ.ஐ.எஸ்.-இல் அது கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும்.

ராத்திரி பத்து நிமிடம்

நீளமான கட்டு நோட்டு ஒன்று போதும். எக்செல் தெரிந்தவர்கள் அதில் போடலாம். நான் நோட்டில்தான் எழுதுகிறேன், கரண்ட் போனாலும் எழுதலாம். அதில் நான்கு பகுதி பிரித்துக்கொள்ளுங்கள்: கொள்முதல், விற்பனை, கமிஷன், செலவு. பின்பக்கமிருந்து கடன் பாக்கி.

கடன் பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கரையில் விற்பனையில் பாதி அதுதான். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் பாசிக் காசு வந்ததும் தருவார்கள். படகுக்காரர் வீடுகளில் தடைக்காலம் முடிந்து இரண்டு மூன்று நடை போய் வந்த பிறகு தருவார்கள். மார்ச் 20-இல் கொடுத்த சத்துமாவுக்கு ஜூலையில் பணம் வரும். இந்த விற்பனை எந்த ஆண்டின் கணக்கு? சட்டம் இரண்டு முறைகளையும் ஒப்புக்கொள்கிறது. பொருள் கொடுத்த நாளில் எழுதினால் மார்ச், அதாவது பழைய ஆண்டு. காசு வாங்கிய நாளில் எழுதினால் ஜூலை, புது ஆண்டு. எதை எடுத்தாலும் ஆண்டுக்கு ஆண்டு அதையே பிடித்துப் போக வேண்டும். இந்த வருடம் இப்படி, அடுத்த வருடம் அப்படி என்று வசதிக்குத் தாவக் கூடாது. பொருள் கொடுத்த நாளில் எழுதுவதைத்தான் நான் சொல்வேன். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். வராத கடனை வராது என்று முடிவுகட்டி எழுதித் தள்ளுகிற ஆண்டில் செலவாகக் காட்டவும் முடியும்.

வீட்டுக்கு எடுத்த பொருளை அன்றைக்கே எழுதுங்கள். பாயிண்ட் நிரப்புவதற்காக மாதக் கடைசியில் வாங்கி, நம் வீட்டுக் குளியலறையிலேயே கரையும் சோப்பு வியாபாரச் செலவு இல்லை. அதைக் கொள்முதலில் கழித்துவிட வேண்டும். இதை நேர்மையாக எழுத ஆரம்பித்ததும் சிலருக்கு முகம் வாடும். கமிஷனாக வந்ததைவிட வீட்டில் கரைந்தது கூடுதலாக இருக்கும். அதையும் நோட்டு சொல்லட்டுமே.

மார்ச் 31 ராத்திரி ஒரு வேலை உண்டு. அலமாரியில், கட்டிலுக்கடியில், சின்னம்மா வீட்டில் வைத்திருக்கும் பெட்டியில் என்று எங்கெல்லாம் சரக்கு இருக்கிறதோ எல்லாவற்றையும் எண்ணி, வாங்கிய விலைக்கு மதிப்புப் போட்டு எழுதுங்கள். தேதி முடியப்போகிற பொருளை அது விற்கக்கூடிய விலைக்கே போடலாம். அப்படியே போனில் ஒரு படம்.

பில்லும் உப்புக் காற்றும்

என் முதல் வருட பெட்ரோல் பில்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் கொட்டினால் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். அந்த வழுவழுப்புத் தாளில் அச்சு சூட்டில் தானாக அழியும். நம் கடற்கரை ஈரத்துக்கு இன்னும் சீக்கிரம். அன்றிலிருந்து பில் கைக்கு வந்ததும் போனில் படம் எடுத்து, மாதப் பெயர் போட்ட ஃபோல்டரில் போட்டுவிடுகிறேன். தாளை ஜிப் கவரில் போட்டு மூடி, மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கிறேன். ஐப்பசி கார்த்திகை மழையில் ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பில்லே தராத செலவுகளும் உண்டு. ஷேர் ஆட்டோக்காரர் பில் தரமாட்டார். அதற்கு நீங்களே ஒரு துண்டுச் சீட்டில் தேதி, எங்கிருந்து எங்கே, யாரைப் பார்க்க, எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். சின்னச் சின்னத் தொகைக்கு இது போதும். பெரிய தொகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவைக் கழிக்க விடமாட்டார்கள்.

எதைக் கழிக்கலாம், எதைக் கூடாது

முழுக்க முழுக்க வியாபாரத்துக்காகச் செய்த செலவு, சொந்தச் செலவாக இருக்கக் கூடாது, சொத்து வாங்கிய செலவாகவும் இருக்கக் கூடாது. 37-ஆம் பிரிவு கேட்பது இவ்வளவுதான். பார்சல் கூலி, செயல்விளக்கத்துக்கு உடைத்த சாம்பிள், அட்டை அச்சடித்தது, வீட்டு மீட்டிங்கில் டீ வடை, மதுரைக்கு மீட்டிங் போன பஸ் காசு எல்லாம் கழியும். போலீஸ் போட்ட ஹெல்மெட் அபராதம் கழியாது. வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு எழுதிய மொய்யும் கழியாது. "அவங்க வீட்ல மாசம் ரெண்டாயிரத்துக்கு வாங்குறாங்க, மொய் எழுதாட்டி நின்னுரும்" என்று ஒருவர் என்னோடு வாதாடினார். நியாயம்தான், ஆனால் மொய் திரும்பி வரும் பணம், அது சொந்தக் கணக்கு.

ஸ்கூட்டர்தான் எல்லாருக்கும் பெரிய செலவு. பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அதில்தான், உச்சிப்புளிக்கும் தங்கச்சிமடத்துக்கும் சரக்குக் கொண்டுபோவதும் அதில்தான். எனவே பங்கு போட வேண்டும். மாதம் முதல் தேதியும் கடைசித் தேதியும் மீட்டரைப் படம் எடுங்கள். வியாபாரத்துக்கு ஓடிய நாளில் எங்கே போனது, எத்தனை கிலோமீட்டர் என்று நோட்டில் எழுதுங்கள். மொத்த ஓட்டத்தில் வியாபார ஓட்டம் 60 சதவீதம் என்றால் பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் 60 சதவீதம். வண்டி வாங்கிய விலையை ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம், அதிலும் அதே பங்கு. கணினி என்றால் 40 சதவீதம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அந்த விகிதத்தில் பாதி. போன் ரீசார்ஜும் இதே மாதிரி பங்குதான்.

நகைக்கடன் வாங்கிச் சரக்கு எடுத்திருந்தால் அதன் வட்டி கழியும். அசல் கழியாது. ஒரு லட்சம் வாங்கி, அறுபதாயிரத்துக்குச் சரக்கும் நாற்பதாயிரத்துக்குக் காதுகுத்தும் செய்திருந்தால் வட்டியிலும் அறுபது பங்குதான். கடன் வந்த நாளில் பணத்தை வியாபாரக் கணக்குக்கு மாற்றிவிட்டால் இதற்குச் சாட்சி தனியே தேட வேண்டாம்.

ஒரு கணக்கு

கையில் பிடிக்க ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பெண், ஆண்டுக் கமிஷன் 1,86,400. டி.டி.எஸ். 3,728. சரக்குப் பக்கம்: ஆண்டுத் தொடக்கத்தில் இருப்பு 18,000, வாங்கியது 1,42,000, வீட்டுக்கு எடுத்தது 14,000, மார்ச் 31-இல் மீதி 22,000. ஆக, விற்ற சரக்கின் அடக்க விலை 1,24,000. விற்ற தொகை 1,55,000. சில்லறை லாபம் 31,000.

செலவு: வண்டிக்கு 36,000-இல் 60 சதவீதம் 21,600. பஸ், ஷேர் ஆட்டோ 6,200. ரீசார்ஜில் பாதி 1,800. பார்சல் 2,400. மதுரை மீட்டிங்குகள் 5,400. சாம்பிள் 4,800. வண்டித் தேய்மானத்தில் பங்கு 4,500. மொத்தம் 46,700.

1,86,400-உடன் 31,000-ஐக் கூட்டி, 46,700-ஐக் கழித்தால் 1,70,700. இதுதான் தொழில் வருமானம். வரிமுறை புதியது, பழையது என்று இரண்டு உண்டு, அது கீழே வருகிறது; புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. பிடித்த 3,728 முழுதும் திரும்ப வர வேண்டிய பணம். பனைவெல்லம் காய்ச்சுகிற ஒரு வீட்டில் இது ஒரு மாத மளிகை. இதை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதா?

எந்த ரிட்டர்ன்? இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள்

ஐ.டி.ஆர். என்பது ரிட்டர்ன் படிவம், அதில் பல எண்கள் உண்டு. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால், "சின்ன வியாபாரம்தானே, ஐ.டி.ஆர்-4 போட்டுடலாம், நோட்டெல்லாம் வேண்டாம்" என்பார்கள். 44ஏடி என்ற பிரிவில் விற்பனையில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபம் என்று காட்டிவிட்டு முடிக்கலாம், உண்மைதான். ஆனால் கமிஷன் அல்லது தரகு வருமானம் உள்ளவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று அதே பிரிவின் உள்ளே எழுதியிருக்கிறது. சில்லறைக் கடைக்காரர் போடலாம், கமிஷன் வாங்கும் நாம் போடக் கூடாது. எனக்கே முதல் வருடம் ஒருவர் இப்படித்தான் போட்டுக் கொடுத்தார். பிறகு திருத்திய ரிட்டர்ன் போட்டுச் சரிசெய்தேன். நமக்கு உரியது ஐ.டி.ஆர்-3.

அதன் நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முந்தைய மூன்று ஆண்டுகளில் எதிலும் தொழில் வருமானம் 2.5 லட்சத்தையும் விற்பனை வரவு 25 லட்சத்தையும் தாண்டாத தனிநபர் முறைப்படியான கணக்குப் புத்தகங்கள் வைக்கச் சட்டக் கட்டாயம் இல்லை. அவர்களுக்கு ஐ.டி.ஆர்-3-இல் சுருக்கமான பகுதி ஒன்று உண்டு: மொத்த வரவு, மொத்த லாபம், செலவு, நிகர லாபம், ஆண்டு முடிவில் வர வேண்டிய கடன், தர வேண்டிய கடன், சரக்கு, ரொக்கம். எல்லாம் உங்கள் நோட்டிலிருந்து எடுக்கும் எண்கள்தான்.

புதிய வரிமுறையா பழையதா? எதுவும் சொல்லாவிட்டால் புதியது. அதில் எல்.ஐ.சி., பி.பி.எஃப். போன்ற 80சி கழிவு கிடையாது. வியாபாரச் செலவுக் கழிவு இரண்டிலும் உண்டு, அதில் குழம்பாதீர்கள். புதியதில் வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரி பூஜ்யம் என்பதால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலோருக்குப் பழையது தேவைப்படாது. தொழில் வருமானம் உள்ளவர் பழையதற்குப் போக 10-ஐஇஏ படிவம் தர வேண்டும்; போனபின் புதியதற்கு ஒரே ஒரு முறைதான் திரும்ப முடியும்.

டி.டி.எஸ். போக இன்னும் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரி வரும் என்று தெரிந்தால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளில் முன்வரி கட்ட வேண்டும். புதியவர்களுக்கு அரிதாகத்தான் வரும். ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான்: பொருள் மட்டும் விற்றால் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம், ஆனால் கமிஷன் என்பது சேவை என்பதால் நமக்கு இரண்டையும் சேர்த்து 20 லட்சத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு மாநிலத்துக்குப் பொருள் அனுப்பி விற்பதாக இருந்தால் அதற்கு முன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

போடும் நாள்

கம்பெனி தரும் 16ஏ என்ற டி.டி.எஸ். சான்று, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கை, ஏ.ஐ.எஸ்., உங்கள் நோட்டு நான்கையும் பக்கத்தில் வைத்து கமிஷன் தொகை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சல் போடுங்கள், ஏ.ஐ.எஸ்.-இலும் உங்கள் மறுப்பைப் பதியலாம். ரிட்டர்னுக்கான அந்த ஆண்டின் கடைசித் தேதியை வருமான வரித் தளத்தில் பார்த்துக்கொண்டு, அதற்குள் போட்டுவிடுங்கள். நட்டம் வந்திருந்தால் இது இன்னும் முக்கியம்: தேதிக்குள் போட்டால்தான் நட்டத்தை எட்டு ஆண்டு வரை முன்னெடுத்துப் போய் வரும் லாபத்தில் கழிக்கலாம். வரி கட்டத் தேவையில்லை என்று நினைத்து விடுகிறவர்கள், பின்னால் வீட்டுக் கடனுக்கோ படகுக் கடனுக்கோ வங்கி மூன்று வருட ரிட்டர்ன் கேட்கும்போது கையைப் பிசைகிறார்கள்.

போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்க்க வேண்டும். இதை மறந்தால் போட்டதாகவே கணக்கில்லை. ரீஃபண்ட் விழ வேண்டிய வங்கிக் கணக்கைத் தளத்தில் முன்கூட்டி உறுதிசெய்து, பெயர் பான் கார்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் முன்னும் பின்னுமாக இருந்ததால் எங்கள் குழுவில் ஒருவருக்கு ரீஃபண்ட் இரண்டு முறை திரும்பிப் போனது. பணம் விழுந்த குறுஞ்செய்தியையும் படம் எடுத்து, அந்த ஆண்டின் ஜிப் கவரோடு பெட்டியில் போட்டு வெளியே ஆண்டை எழுதி ஒட்டுங்கள். நான் எட்டு ஆண்டுப் பெட்டிகளைப் பரணில் வைத்திருக்கிறேன், கரப்பான் மருந்து ஒரு உருண்டையோடு.